கிராவல் குவாரி வரப்போகிறதா? மறியலுக்கு முன் எடுக்க வேண்டிய அளவுகளும் காகிதங்களும்

பக்கத்துக் கொறங்காட்டை (மேய்ச்சலுக்கு விட்ட மானாவாரி நிலம்) யாரோ அளந்துவிட்டுப் போனார்கள், மூலைக்கு மூலை கல் நட்டிருக்கிறது என்ற பேச்சு கிளம்பினால் நம் கொங்குப் பக்கத்தில் அடுத்த வாரமே ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்காரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் குவாரி உரிமம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் மீட்டர் கணக்கிலும் சர்வே எண்ணிலும்தான். "எங்களுக்கு வேண்டாம்" என்று ஐநூறு பேர் கையெழுத்துப் போட்ட மனுவைவிட, "உத்தேச எல்லையின் வடகிழக்கு மூலையிலிருந்து 140 மீட்டரில் ஆறு பேர் குடியிருக்கும் வீடு, வரி எண் இது, படம் இணைப்பு 3" என்று எழுதிய ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்வது அதிகாரிக்குக் கடினம். அந்தப் பக்கத்தை எப்படித் தயார் செய்வது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில், வந்திருப்பது எந்த விண்ணப்பம் என்று தெரிய வேண்டும். காங்கேயம், தாராபுரம், க.பரமத்தி, பல்லடம், கிணத்துக்கடவு என்று எங்கே தோண்டினாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: மேலே கொஞ்சம் செவ்வல், அதன் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. அந்தச் சரளைதான் கிராவல். ரோட்டுக்கும் லேஅவுட் நிரப்பவும் போவது. "கிராவல் மட்டும்" என்று ஒரு வகை விண்ணப்பம். பெரும்பாலும் 2 மீட்டர் ஆழம், வெடி கிடையாது, ஹிட்டாச்சி வைத்து அள்ளுவது. "சாதாரண கல் மற்றும் கிராவல்" என்பது இன்னொரு வகை. அதில் கிராவல் மேல்மூடி, உண்மையான நோக்கம் பாறை. வெடி, கம்பிரசர், வருடக்கணக்கில் லாரி எல்லாம் இதில் உண்டு. "ரெண்டு மீட்டர் மண்ணுதானுங்க எடுக்கறோம்" என்று இடைத்தரகர் சொல்வதை நம்பி முதல் விண்ணப்பத்துக்கு ஊர் பேசாமல் இருந்தால், சரளை போனதும் பாறை வெளியே தெரியும். அடுத்த விண்ணப்பம் கல்லுக்கு வரும். கிராவல் கட்டத்திலேயே இதை எதிர்ப்பு மனுவில் எழுதிவைப்பது நல்லது.

தூர விதிகள் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-ல் 36-ஆவது விதியில் இருக்கின்றன. ரயில் பாதை, நீர்த்தேக்கம், குளம், கால்வாய், பொதுச் சாலை, பொதுக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர். கிராமச் சாலையிலிருந்து 10 மீட்டர். பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், அரசு நிலத்துக்கு 10 மீட்டர் விட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் தரும் கடிதத்தில் நிபந்தனை போடுவார்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்பது 36(1-ஏ). அதில் "கல்" என்றுதான் இருக்கிறது. ஆகவே கிராவல் மட்டும் கேட்கும் விண்ணப்பத்தை எதிர்த்து 300 மீட்டர் விதி ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தால் மனு ஒரே வரியில் தள்ளுபடியாகும்.

கொங்கு நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று இதற்குள் இருக்கிறது. அந்த விதியில் குடியிருப்பு என்பதற்கு விளக்கம் உண்டு: வருவாய்ப் பதிவேட்டில் ஊர், நகரம், வீட்டுமனை என்று குறித்த இடம், அல்லது உள்ளாட்சியோ நகர ஊரமைப்புத் துறையோ அனுமதித்த மனை, லேஅவுட். நத்தத்தில் கூடிக் குடியிருக்கும் ஊர்களுக்கு இந்த விளக்கம் சரியாகப் பொருந்தும். நம் சனம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறது. பட்டா நிலத்தின் நடுவில் வீடு, கிணறு, கட்டுத்தரை. மூன்று தலைமுறையாகக் குடியிருந்தாலும் பதிவேட்டில் அது புஞ்சை. கட்டட அனுமதி வாங்கியவர்கள் குறைவு. கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றில் "300 மீட்டருக்குள் குடியிருப்பு ஏதும் இல்லை" என்று வருவது பல நேரம் இந்த ஓட்டையினால்தான். காகிதத்தில் அங்கே வீடே இல்லை.

அதனால் முதல் வேலை, சாளையைக் காகிதத்துக்குள் கொண்டுவருவது. எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் ஒவ்வொரு சாளைக்கும் சர்வே எண், உட்பிரிவு, வீட்டு வரி எண், முதல் வரி ரசீதின் ஆண்டு, மின் இணைப்பு எண், குடும்ப அட்டையில் உள்ள ஆட்கள் எண்ணிக்கை, எல்லையிலிருந்து தூரம் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் எழுதுங்கள். இடக்குறிப்பு தெரியும்படி போனில் படம் எடுத்து ஒட்டுங்கள். அனுமதி வாங்கிக் கட்டிய வீடு ஒன்றாவது இருந்தால் அதன் நகலை ஊராட்சிச் செயலரிடம் வாங்கி முதல் இணைப்பாக வையுங்கள். விதியின் விளக்கத்துக்குள் நேராக விழுவது அதுதான். மற்ற சாளைகள் விதிக்குள் வராது என்று துறை வாதாடினாலும் அட்டவணை வீண்போகாது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பத்தை ஆராயும் மாநில நிபுணர் குழு, சுற்றியுள்ள கட்டடங்களின் பட்டியலைக் கேட்பது வழக்கம். விண்ணப்பதாரர் கொடுத்த பட்டியலில் நான்கு வீடும் உங்கள் பட்டியலில் பதினேழு வீடும் இருந்தால் கேள்வி அவர் பக்கம் திரும்பும்.

பட்டா நிலத்தில் குவாரி என்றால் காகிதம் நகரும் வரிசை இது: ஆட்சியரிடம் விண்ணப்பம்; வருவாய்க் கோட்டாட்சியரும் கனிமவளத்துறை உதவி இயக்குநரும் இடத்தைப் பார்த்து அறிக்கை தருவது; பரப்பை உறுதிசெய்து விண்ணப்பதாரருக்கு ஆட்சியர் கடிதம்; சுரங்கத் திட்டம் தயாரித்து ஒப்புதல்; சுற்றுச்சூழல் அனுமதி; அதன் பிறகு குத்தகைப் பத்திரம். ஊர் விழித்துக்கொள்வது பெரும்பாலும் கடைசிப் படியில். சுலபமாகத் தடுக்க முடிவது கோட்டாட்சியர் அறிக்கைப் படியில். அந்த அறிக்கையில் "ஆட்சேபணை இல்லை" என்று ஏறிவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு அலுவலகமும் அதையே எடுத்து எழுதும். அளவுக்கல் நட்ட வாரமே திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரே மனுவை ஆட்சியர், கோட்டாட்சியர், உதவி இயக்குநர், வட்டாட்சியர் நால்வருக்கும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

அன்றே தகவல் உரிமை மனுவும் போட வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உதவி இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. "குவாரி பற்றிய விவரம் தரவும்" என்று பொதுவாக எழுதினால் பொதுவாகவே பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண் தொடர்பாக வந்த விண்ணப்பத்தின் நகல், நில உரிமையாளர் சம்மதப் பத்திரம், கோட்டாட்சியர் அறிக்கை, உதவி இயக்குநர் ஆய்வறிக்கை, 300 மீட்டர் சுற்றளவு பற்றிய கிராம நிர்வாக அலுவலர் சான்று, 500 மீட்டருக்குள் உள்ள மற்ற குவாரிகள் பற்றிய கடிதம், சுரங்கத் திட்டமும் வரைபடங்களும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

சம்மதப் பத்திரத்தை வில்லங்கச் சான்றோடு வைத்துப் படியுங்கள். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பதும், பாகப்பிரிவினை வழக்கு நிலுவையில் இருப்பதும் நம் பக்கத்தில் அபூர்வம் இல்லை. ஒரு பங்காளியின் ஆட்சேபணை, பக்கத்துத் தோட்டக்காரர் பத்துப் பேர் ஆட்சேபணையைவிட வலுவானது.

500 மீட்டர் கடிதம்தான் பலர் கவனிக்காத காகிதம். 5 ஹெக்டேருக்குக் குறைவான குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 5 ஹெக்டேருக்குள் தனியாக இருக்கும் குவாரிக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு இல்லாமல் போகிறது. விண்ணப்பங்கள் 4.8, 4.9 ஹெக்டேர் என்று நிற்பது இதனால்தான். ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகக் கூட்டிப் பார்க்க வேண்டும்; மொத்தம் 5 ஹெக்டேரைத் தொட்டால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயம். பக்கத்தில் ஓடும் குவாரியையோ அதே ஆளின் உறவினர் பெயரில் போட்ட இன்னொரு விண்ணப்பத்தையோ கடிதத்தில் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால் உங்கள் மனுவின் முதல் பாயிண்ட் அதுவாக இருக்கட்டும்.

சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். அங்கே கே.எம்.எல். கோப்பு (எல்லையை வரைபடத்தின் மேல் காட்டும் கோப்பு) கிடைத்தால் இறக்கி கூகுள் எர்த்தில் திறங்கள். குவாரி எல்லை அப்படியே படத்தின் மேல் விழும். அளவுகோலை எடுத்து எல்லையின் மிக அருகான மூலையிலிருந்து வீட்டுச் சுவர் வரை அளக்க வேண்டும். விண்ணப்பங்களில் நடக்கும் வழக்கமான தவறு, குவாரியின் நடுப்புள்ளியிலிருந்து அளப்பது. 200 மீட்டர் அகலமுள்ள காட்டில் (நம் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம்) அதிலேயே 100 மீட்டர் கூடிவிடும். கோப்பில் உள்ள வடிவத்தை, சர்வே எண்ணுக்கு வருவாய்த்துறை வைத்திருக்கும் அளவு வரைபடமான புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். பக்க நீளங்கள் புலப்படத்தில் மீட்டரில் இருக்கும். சில நேரம் கோப்பு வேறு சர்வே எண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும். இட்டேரியோ (இரு வேலிகளுக்கு நடுவே போகும் பாதை) பள்ளமோ (ஓடை) எல்லைக்குள்ளேயே விழுந்திருக்கும். புலப்படத்தில் தனி எண்ணோடு பள்ளம் இருந்தால் அ-பதிவேட்டில் (ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிய வருவாய்ப் பதிவேடு) அது அரசுப் புறம்போக்கா என்று பார்த்து நகல் எடுங்கள்.

அடுத்தது லாரிக் கணக்கு. இதை யார் வேண்டுமானாலும் போடலாம், மறுப்பது கஷ்டம். உதாரணமாக 200-க்கு 200 மீட்டர் சதுரக் காடு, 4 ஹெக்டேர். நாலு பக்கமும் 7.5 மீட்டர் விட்டால் 185-க்கு 185, அதாவது 34,225 சதுர மீட்டர். 2 மீட்டர் ஆழத்துக்கு 68,450 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, 2.83 கன மீட்டர். ஆக சுமார் 24,200 யூனிட். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில், 300 வேலை நாளில் எடுப்பதாகவும் லாரிக்கு 6 யூனிட் என்றும் போட்டால் தினம் 13, 14 லோடு. இப்போது எடையைப் பாருங்கள். தோண்டிய உதிரிக் கிராவல் கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் யூனிட்டுக்கு நாலரை டன். 6 யூனிட் 27 டன். பத்துச் சக்கர லாரிக்கு வண்டி எடையையும் சேர்த்துச் சட்டம் அனுமதிப்பது 28.5 டன். வண்டியே 11 டன் இருக்கும்போது ஏற்றக்கூடியது 17.5 டன், 4 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. சட்டப்படி ஓட்டினால் தினம் சுமார் 21 லோடு, காலி வண்டியையும் சேர்த்து 42 முறை. பத்து மணி நேர வேலையில் கால் மணிக்கு ஒரு லாரி. தோண்டின மண் உப்பும். எண்ணிக்கை இதற்கு மேல்தான் போகும். சுரங்கத் திட்டத்தில் எழுதியிருக்கும் நடை எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தால், ஒன்று பாரம் மீறி ஏற்றப்போகிறார்கள், அல்லது கணக்கு தப்பு. இரண்டில் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த லாரி எந்த வழியில் போகும் என்பதும் முக்கியம். மூன்றே முக்கால் மீட்டர் தார் போட்ட ஊராட்சி ரோட்டில் இரண்டு லாரி விலக முடியாது; பள்ளிக்கூட வேன் எங்கே ஒதுங்கும் என்று கேட்டு அந்த இடத்தின் அகலத்தை டேப் பிடித்து அளந்து படம் வையுங்கள். இருபுறமும் கிளுவை வேலி உள்ள இட்டேரி வழி என்றால் அது அரசுப் பாதையா, பட்டாதாரர்கள் தங்களுக்குள் விட்ட பாதையா என்று புலப்படம் சொல்லும். தனிப்பாதையாக இருந்தால் வேலியை வெட்டி அகலப்படுத்தும் உரிமை குவாரிக்காரருக்கு இல்லை.

தண்ணீர் விஷயத்தில் எதிர்ப்பாளர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "ஆயிரம் அடி போர் வற்றிவிடும்" என்று 2 மீட்டர் கிராவல் குழிக்கு எதிராக எழுதினால் நிபுணர் குழு அதை ஏற்காது, மற்ற பாயிண்டுகளின் மதிப்பையும் அது குறைக்கும். உண்மையான பாதிப்பு வேறு. மழை மறைவுப் பகுதியான நம் ஊரில் கிடைக்கும் கொஞ்ச மழையை உள்வாங்கித் திறந்த கிணற்றுக்கு மெதுவாக விடுவது பாறைக்கு மேலிருக்கும் இந்தச் சரளைதான். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் குழியில் நின்று ஆவியாகும். பள்ளத்துக்கு வரும் ஓட்டமும் மாறும். கீழே உள்ள குட்டைக்கு வரத்து குறையும். கல் குவாரி ஆழமாகப் போனால் கதை வேறு. ஊற்றுக்கண்ணை வெட்டும் வாய்ப்பு நிஜமாகவே உண்டு. எதுவானாலும் இப்போதிருந்தே மாதம் ஒருமுறை ஒவ்வொரு கிணற்றிலும் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று கயிறு விட்டு அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். போருக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது என்று குறியுங்கள். குவாரி வந்தபின் எடுக்கும் அளவுக்கு ஒப்பிட இது இல்லாவிட்டால் மதிப்பில்லை.

வெடி உள்ள விண்ணப்பம் என்றால் வீட்டுச் சுவர்களையும் இப்போதே படம் எடுங்கள். பழைய விரிசலின் குறுக்கே சிமெண்ட் பட்டை வைத்து அதில் தேதி எழுதிவிட்டால், பின்னால் அது பிளந்தால் கண்ணுக்குத் தெரியும். சாதாரண வீடுகளுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-ல் வகுத்த அதிர்வு வரம்பு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் நொடிக்கு 5 மி.மீ.; 8 முதல் 25 வரை 10; அதற்கு மேல் 15. அதிர்வை யார், எந்த வீட்டில், எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பார்கள் என்று கேட்க வேண்டியது நீங்கள்.

தூசுக்குப் பொதுவாக "சுவாச நோய்" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் இருந்தால், காயும் கொப்பரையில் தூசு படிந்தால் தரம் போய் விலை இறங்கும். மல்பெரி வைத்திருப்பவர் தூசு படிந்த தழையைப் புழுவுக்குப் போட முடியாது. பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைக்கு வெடிச்சத்தம் தனிப் பிரச்சினை. களத்தின் பரப்பு, மல்பெரி எத்தனை ஏக்கர், கொட்டகையில் எத்தனை கோழி என்று எண்ணோடு எழுதுங்கள். விண்ணப்பதாரரின் சுற்றுச்சூழல் அறிக்கையில் விலங்கு, பறவைப் பட்டியலையும் பாருங்கள். மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொறங்காடு முழுக்க மயில் மேய, "அட்டவணை 1 உயிரினம் இல்லை" என்று எழுதியிருந்தால் தேதியுள்ள படம் போதும். வேறொரு மாவட்டத்து ஊர்ப்பெயர் அறிக்கையின் நடுவில் தலைகாட்டினால் அந்தப் பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்; நகலெடுத்து ஒட்டியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிராவல் என்ற பெயரில் வேறு எதுவும் போகக்கூடாது என்பதற்காக, சவுடு (மணல் கலந்த நிரப்பு மண்) போன்றவற்றுக்கு உரிமம் தரும் முன் மண்ணில் என்னென்ன இருக்கிறது என்று பரிசோதிக்க வேண்டும் என உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பள்ளத்தை ஒட்டிய காடாக இருந்தால் ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். மாதிரி எங்கே, எத்தனை இடத்தில் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து.

வனத்தின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றிலிருந்து 1 கி.மீ. வரை குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் அரசாணை வந்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டார்கள். பழைய ஆணையை மேற்கோள் காட்டி இன்னும் மனு எழுதுகிறார்கள். உங்களுக்கு அருகில் இருப்பது எந்த வகைக் காடு என்று பார்த்து எழுதுங்கள்.

கருத்துக்கேட்பு நடக்குமானால் 30 நாள் முன்னறிவிப்பு நாளிதழில் வர வேண்டும். கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். ஆட்சியரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை. வரைவு அறிக்கையும் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள். அட்டவணைகள் முழு அறிக்கையில்தான். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. நாற்காலியைத் தூக்கிப் போட்டுக் கூட்டத்தைக் கலைப்பது பெரிய ஆபத்து. மக்கள் தடையின்றிக் கருத்துச் சொல்லும் சூழல் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே இல்லாமல் முடிவெடுக்க 2006-ஆம் ஆண்டு தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இடம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாயிண்ட், இரண்டு நிமிடம்: ஒருவர் தூரம், ஒருவர் லாரி, ஒருவர் கிணறு, ஒருவர் 500 மீட்டர் கடிதம். பெண்கள் பேச வேண்டும். நாள் முழுக்கத் தூசிலும் சத்தத்திலும் சாளையில் இருக்கப்போவது அவர்கள். பேசியதையே எழுத்திலும் கொடுங்கள். முடிவில் கூட்டச் சுருக்கத்தைத் தமிழில் வாசிப்பார்கள். உங்கள் பாயிண்ட் விட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள், வீடியோவில் பதிவாகும்.

கிராம சபைத் தீர்மானம் குவாரியைத் தானாக நிறுத்தாது. ஆனாலும் சாட்சியாக நிற்கும். சர்வே எண்ணும் காரணமும் தீர்மானத்துக்குள் இருக்க வேண்டும். "குவாரி வேண்டாம்" என்ற ஒற்றை வரி போதாது.

தனி ஆளாக மட்டும் யாரும் முன்னால் நிற்காதீர்கள். க.பரமத்தி பக்கம் கல் குவாரிக்கு எதிராகப் புகார் கொடுத்துவந்த விவசாயி ஒருவர் 2022 செப்டம்பரில் வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். ஒவ்வொரு மனுவிலும் குறைந்தது பத்துக் கையெழுத்து இருக்கட்டும். தகவல் உரிமை மனுக்களை வெவ்வேறு பெயரில் போடுங்கள். மிரட்டல் வந்தால் வாய்மொழியாக விடாமல் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகலைக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் நாள்களை எண்ண ஆரம்பியுங்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம். அந்த 90 தாண்டினால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் செலவு தனி. அனுமதி இணையதளத்தில் ஏறிய நாள், நாளிதழ் விளம்பரம் வந்த நாள் இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, வரி ரசீது, தூர அட்டவணை, கிணற்று நோட்டு, ஒப்புகைச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி முதல் வாரத்திலேயே வக்கீலிடம் கொடுங்கள். குழி தோண்டத் தொடங்கியபின் எல்லைக்கல் நகர்கிறதா, நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிப்போகும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் வண்டி போகிறதா என்று பார்ப்பதற்கும் இதே கோப்புதான் வேண்டும்.